தையல் மெஷினுக்கு ஏற்ற நூல்

தையல் மெஷினைப் பற்றி நம் பெண்கள் சொல்லும் புகார்கள் எண்ணிப் பார்த்தால் நாலைந்துதான். நூல் அடிக்கடி அறுகிறது. தையல் விட்டு விட்டு விழுகிறது. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக் கொள்கிறது. தைத்த இடம் சுருங்கி நிற்கிறது. மெஷின் பாரமாக ஓடுகிறது. இவற்றில் எது வந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். இல்லாவிட்டால் டென்ஷன் திருகைக் கண்டபடி திருகி, இருந்ததையும் கெடுத்துக் கொள்கிறோம். ஏரவாடாவில் நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களுக்குச் சில ஆண்டுகளாகத் தையல் சொல்லித் தருகிறேன். அதில் நான் கண்டது, இந்தப் புகார்களில் பெரும்பகுதி மெஷினின் நோய் அல்ல, நூலின் நோய் என்பதே. துணி வாங்க அரை நாள் செலவிடும் நாம், நூல் வாங்க அரை நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. நிறம் ஒத்துப் போனால் போதும் என்று வாங்கி விடுகிறோம். இந்த இதழில் நூலைப் பற்றி மட்டும் ஒரு பாடம் எழுதுகிறேன்.

முதலில், மெஷினுக்குள் நூல் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும். கையால் தைக்கும்போது நூல் ஊசிக் காதில் கோத்தபடி அப்படியே துணிக்குள் போய் வருகிறது. மெஷினில் அப்படி அல்ல. ஊசி கீழே இறங்கியதும் ஷட்டிலின் கொக்கி மேல் நூலைப் பிடித்து, வளையமாக இழுத்து, பாபினையே சுற்றி வரச் செய்கிறது. அதற்குப் பல சென்டிமீட்டர் நூல் தேவை. ஆனால் ஒரு தையலுக்கு உண்மையில் செலவாவது மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். மீதி நூலை மேலே உள்ள லிவர் திரும்ப இழுத்துக் கொள்கிறது. அடுத்த தையலுக்கு மீண்டும் அதே நூல் இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. ஆக, துணியில் போய் அமரும் முன் நூலின் ஒவ்வொரு பகுதியும் ஊசிக் காதின் வழியே பல முறை, ஏறக்குறைய இருபது முப்பது தடவை, மேலும் கீழும் உரசிவிட்டுத்தான் போகிறது. இது போதாதென்று டென்ஷன் தட்டுகளின் அழுத்தம், வேகமாக மிதிக்கும்போது ஊசியில் ஏறும் சூடு எல்லாம் வேறு.

ஆகவே "இழுத்துப் பார்த்தேன், அறவில்லை, நல்ல நூல்தான்" என்று சொல்வது போதாது. கையால் இழுத்தால் தாங்கும் நூல், இருபது உரசலுக்குப் பிறகு பிசிர் எழும்பி அறுந்து போகலாம். மெஷின் நூலுக்கு உறுதியைவிடச் சமன் முக்கியம். ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் இருக்கும் நூல், தடித்த இடத்தில் ஊசிக் காதில் முட்டும். மெலிந்த இடத்தில் அறுகும். டென்ஷன் தட்டுக்குள் தடித்த இடம் நுழையும்போது இறுக்கம் கூடுகிறது, மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. இதை எந்தத் திருகாலும் சரி செய்ய முடியாது.

எங்கள் பேட்டையில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தும் ரவிக்கை தைத்தும் குடும்பச் செலவில் பாதியைத் தாங்கும் சகோதரி ஒருவர் இருக்கிறார். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அவருடைய மெஷின் ஒரு சாணுக்கு ஒருமுறை நூலை அறுத்தது. பார்க்க வந்த மெக்கானிக் ஷட்டிலையே மாற்ற வேண்டும், மெஷினும் பழசு, புதிது வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் இருந்த ரவிக்கைகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டுக் கொண்டு அவர் வந்தார். ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் அடுத்த பண்டிகைக்கு அந்த வீட்டார் வேறு தையற்காரரிடம் போய்விடுவார்கள் என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். நான் மெஷினைத் தொடவில்லை. அவர் கொண்டுவந்த நூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு முழத்துக்குள் மூன்று இடத்தில் கடுகு ஒட்டியதுபோல் கணு. நடைபாதையில் மூட்டையாக வைத்து விற்ற ரீல்களில் மலிவாக எடுத்ததாம். வேறு நூலும் புது ஊசியும் போட்டதும் அதே ஷட்டில், அதே மெஷின், இரவு முழுதும் ஓடியது.

நாம் வசிக்கும் இந்த ஏரவாடாவுக்கும் நூலுக்கும் உள்ள உறவை இங்கே சொல்லாமல் போவது முறையல்ல. காந்தியடிகள் 1922 முதல் இங்குள்ள சிறையில் இருந்தார். 1924 ஜனவரியில் சஸ்ஸூன் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது, பிப்ரவரியில் விடுதலையானார். அதே ஆண்டு டில்லியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் விரோதியா என்று கேட்டார். இந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன். காந்தியடிகள் இயந்திர மோகத்தைத்தான் எதிர்க்கிறேன் என்று விளக்கி, விலக்காக ஓர் இயந்திரத்தைக் குறிப்பிட்டார். அது சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் அன்பினால் உண்டாக்கப்பட்டது என்பது அவர் கூறிய காரணம். அப்படியானால் அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் விடவில்லை. வேண்டும்தான், ஆனால் அது பொதுவுடைமையாகவோ அரசின் பொறுப்பிலோ இருக்க வேண்டும் என்றார் காந்தியடிகள். மகாதேவ் தேசாய் எழுதி 1924 நவம்பரில் 'யங் இந்தியா'வில் இந்த உரையாடல் வெளிவந்தது.

மெஷினைச் செய்யும் தொழிற்சாலையைப் பற்றிப் பேச்சு வந்ததே, அந்த மெஷினில் போடும் நூலைச் செய்யும் ஆலையைப் பற்றி? தையல் சொல்லிக் கொடுப்பவளுக்கு அந்தக் கேள்விதான் மனதில் எழுகிறது. ஏனென்றால் ராட்டையில் நூற்ற நூலை அப்படியே தையல் மெஷினில் போட முடியாது. காந்தியடிகள் 1930களின் தொடக்கத்தில் மீண்டும் ஏரவாடா சிறையில் இருந்தபோது, பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொள்ளக்கூடிய, இரண்டு சக்கரம் கொண்ட ராட்டை உருவாயிற்று. 'ஏரவாடா சக்கரம்' என்று நம் ஊர்ப் பெயராலேயே அது நாடெங்கும் வழங்கியது. அதில் வரும் நூல் ஒற்றைப் புரி. நெசவுக்கு அது போதும். தறியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாங்கிக் கொள்ளும். மெஷின் ஊசிக்கோ நூல் தனியாகத் தாங்க வேண்டும். ஒற்றைப் புரி நூல் இருபது உரசலில் முறுக்குத் தளர்ந்து பஞ்சாகிவிடும்.

காதி இயக்கத்தில் நூலை நம்பர், சமன், உறுதி என்ற மூன்றையும் பார்த்து மதிப்பிட்டார்கள். நாமும் கடையில் இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும். கூடுதலாக ஒன்று, முறுக்கு. (நாம் தின்கிற முறுக்கு அல்ல, ஆனால் அதுவும் பிழிந்து சுற்றுவதுதான்!)

தையல் நூல் என்பது இரண்டு அல்லது மூன்று ஒற்றை இழைகளைச் சேர்த்து முறுக்கியது. இருபுரி, முப்புரி என்று நம் மொழியிலேயே அழகாகச் சொல்லலாம். ஒற்றை இழையை ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு அவற்றைச் சேர்த்து எதிர்ப் பக்கமாக முறுக்குவார்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால்தான் தையல் நூல் தொங்க விட்டாலும் சுருண்டு கொள்ளாமல் நேராக நிற்கிறது. ஒரு முழம் நூலை வளைத்து இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். தொங்கும் வளைவு தானாகப் பல சுற்றுச் சுற்றிக் கொண்டால் அந்த நூலில் முறுக்குச் சமமாக இல்லை. மெஷினில் அது முடிச்சு முடிச்சாக விழும்.

முறுக்கின் திசையும் முக்கியம். நூலைச் செங்குத்தாகப் பிடித்து உற்றுப் பார்த்தால் புரிகள் சாய்வாகத் தெரியும். 'இஸட்' என்ற ஆங்கில எழுத்தின் நடுக்கோடு போல, கீழே இடப்புறமிருந்து மேலே வலப்புறம் சாய்ந்திருந்தால் அதுவே தையல் மெஷினுக்கு உரியது. எதிராகச் சாய்ந்தால் 'எஸ்' முறுக்கு. ஷட்டில் நூலைச் சுற்றும் அசைவு முதல் வகையை இறுக்கிக் காக்கிறது. இரண்டாவதை அவிழ்த்து விடுகிறது. கண் பார்வை போதாதவர்கள் கையாலேயே கண்டுபிடிக்கலாம். நூலைக் கிடையாக வைத்து இடக்கை விரல்களால் அழுத்திப் பிடியுங்கள். வலக்கைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நூலின் மறுமுனையை உங்களை நோக்கி உருட்டுங்கள். முறுக்கு இறுகினால் நல்லது. புரி பிரிந்தால் அது ஊசிக்கு ஆகாது. பழைய சிங்கர் மெஷின்களோடு வந்த கையேடுகளில் இந்தச் சோதனை படத்துடன் இருக்கும். ஊசிக்கு இந்த முறுக்குத்தான் வேண்டும், பாபினில் எது போட்டாலும் பாதகமில்லை என்றும் அதில் சொல்லியிருப்பார்கள். இப்போது கடையில் தையல் நூல் என்று விற்பதெல்லாம் அநேகமாகச் சரியான முறுக்கில்தான் வருகிறது. பின்னல் நூலையும் கைவேலை நூலையும் அவசரத்துக்கு மெஷினில் ஏற்றும்போதுதான் சிக்கல்.

இனி நம்பர். நெசவாளர் வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்பது பழகிய பேச்சு. 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நூல் வருகிறதோ அதுவே நம்பர். எனவே எண் பெரிதாகப் பெரிதாக நூல் மெலிது. கோன் நூலின் அடியில் '40/2' என்று போட்டிருந்தால், நாற்பதாம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று பொருள். '60/3' என்றால் அறுபதாம் நம்பர் இழை மூன்று. 40-ஐ 2-ஆல் வகுத்தாலும் 60-ஐ 3-ஆல் வகுத்தாலும் இருபதுதான். ஆக இரண்டும் ஒரே பருமன். ஆனாலும் முப்புரி நூல் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். இருபுரி நூல் சற்றுத் தட்டையாக, கயிற்றின் மேடு பள்ளத்தோடு இருக்கும். விலை வித்தியாசம் சிறிதானால் முப்புரியை எடுங்கள்.

சிறு ரீல்களில் 'டிக்கெட் 120' என்பதுபோல் வேறோர் எண் இருக்கும். அதிலும் எண் கூடினால் நூல் மெலிதாகும். வீட்டுத் தையலுக்கு, அதாவது ரவிக்கை, பாவாடை, சட்டை, தலையணை உறை ஆகியவற்றுக்கு, 120 பொருத்தமானது. அது கிட்டத்தட்ட 40/2 பருமன்தான். 'டெக்ஸ்' என்று போட்டிருந்தால் மட்டும் கணக்குத் தலைகீழ். அது ஆயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது. எண் கூடினால் நூல் தடிமன். நம் வேலைக்கு 24 முதல் 30 வரை சரியாக இருக்கும்.

மெஷினுக்கென்று தனி நூல் வேண்டும் என்பதை உலகமே மெஷின் வந்த பிறகுதான் கற்றுக் கொண்டது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர் பருத்தித் தையல் நூலுக்குப் பேர் போனது. அங்கே கிளார்க் குடும்பமும் கோட்ஸ் குடும்பமும் கையால் தைக்க மெருகேற்றிய முப்புரி நூல் செய்து விற்று வந்தார்கள். 1850களில் தையல் மெஷின் பரவியபோது அந்த நூல் மெஷினில் ஓடவில்லை. 1860களில் கிளார்க் கம்பெனியார் ஆறு புரி கொண்ட மிருதுவான நூலை 'நம் புதிய நூல்' என்ற பெயரிலேயே கொண்டுவந்த பிறகுதான் மெஷின்கள் ஒழுங்காக ஓடின. மெழுகும் கஞ்சியும் ஏற்றிப் பளபளவென்று இருக்கும் நூலை இன்றும் மெஷினில் போடக் கூடாது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி. அந்த மெருகு டென்ஷன் தட்டுகளுக்கு இடையே பிசினாக ஒட்டிக் கொள்ளும்.

பெய்ஸ்லி கதை திருநெல்வேலிச் சீமைக்கும் வந்து சேர்கிறது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் விசையைக் கொண்டு நூற்பாலை நடத்தினார்கள். பிறகு தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலைகள் எழுந்தன. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்ற தொழிலாளர் வேலைநிறுத்தம் நம் பள்ளிப் பாடங்களில் படித்ததே. அந்த ஹார்வி ஆலைகளின் வழிவந்த மதுரா மில்ஸ் 1974-இல் கோட்ஸ் கம்பெனியின் இந்தியக் கிளையோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. புனேக் கடையில் ஒரு ரீலைத் திருப்பிப் பார்த்து அதில் மதுரையின் பெயரைக் காணும்போது எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. இதை விளம்பரமாக எடுத்துக் கொள்ள வேண்டாம். லூதியானாப் பக்கத்து வர்த்தமான் நூலும் மற்ற நல்ல கம்பெனி நூல்களும் நன்றாகவே ஓடுகின்றன. பெயருள்ள நூலுக்குப் போலிகள் உண்டு என்பதால் லேபிளை மட்டும் நம்பாமல் நூலையும் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

துளசிபாக்கிலோ லக்ஷ்மி ரோடிலோ கடைக்குப் போனால் மராத்தியில் நூலுக்கு 'தோரா', ஊசிக்கு 'சுயீ' என்று கேளுங்கள். ரீல் என்றாலும் புரியும். புதிதாக ஊருக்கு வந்தவர்கள் 'ரங் ஜாணார் நாஹீ நா?' என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து கொள்ளலாம். சாயம் போகாதல்லவா என்பது அதன் பொருள். கடைக்காரர் 'பக்கா ஆஹே' என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்து ஒரு சாண் நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை விழுந்தால் அந்த நூல் பக்கா இல்லை. சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் இப்படிச் சோதிக்காமல் பிறர் துணியில் போடவே கூடாது. பிறர் வீட்டு வெண்பட்டு ரவிக்கையில் சிவப்புச் சாயம் இறங்கினால் கூலி போவதோடு நிற்காது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. கரிய நூலை வெளுத்த பின்னணியிலும், வெளிர் நூலைக் கரிய பின்னணியிலும் ஒரு கை நீளம் பிடித்துப் பாருங்கள். கணுவும் பிசிரும் உடனே தெரியும். கண்ணை மூடிக் கொண்டு இரு விரலுக்கிடையே மெதுவாக இழுத்தால் விரலே சொல்லிவிடும். பிறகு அறுத்துப் பாருங்கள். நல்ல பருத்தி நூல் 'பட்' என்று அறும். பஞ்சு பிரிவதுபோல் நழுவிப் பிரிந்தால் முறுக்குப் போதவில்லை. நிறம் பார்க்கும்போது டியூப்லைட்டை நம்பாமல் வாசலுக்கு வந்து பாருங்கள். துணியைவிட ஓர் இழை அழுத்தமான நிறமாக எடுப்பது நல்லது. ரீலில் சேர்ந்திருக்கும்போது அழுத்தமாகத் தெரியும் நிறம், ஒற்றை நூலாகத் துணியில் விழும்போது வெளிறித் தெரியும்.

பருத்தியா, பாலியெஸ்டரா என்ற கேள்வி எப்போதும் வரும். ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டினால் எது எது என்று தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பாலியெஸ்டர்தான். அது பருத்தியைவிட உறுதி, ஈரத்தில் சுருங்குவதில்லை, பூஞ்சை பிடிப்பதில்லை. குழந்தைகளின் பள்ளிச் சீருடைக்கும் அடிக்கடி துவைக்கும் துணிக்கும் நான் அதையே சொல்வேன். பாட்டியின் பழைய வாயில் புடவையைப் பிரித்துப் பேரக் குழந்தைக்குச் சட்டை தைப்பதென்றால் பருத்தி நூல்தான் உத்தமம். நூல் துணியைவிட உறுதியாக இருந்தால் தையல் ஓரத்தில் துணிதான் முதலில் கிழியும். ஆனால் பருத்தி நூல் முதல் சலவையில் சற்றுச் சுருங்கலாம். துணியையும் முன்னதாக நனைத்து உலர்த்திய பிறகு தைத்தால் பிறகு சுருக்கம் விழாது.

நம் புனேயின் பருவத்தையும் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிது. பருத்தி நூல் ஈரப்பதம் இருந்தால் உறுதியாகவும் உலர்ந்தால் முறிவாகவும் இருக்கும். கடலோர ஊரில் அது பிரச்சினையே இல்லை. இங்கே ஏப்ரல், மே மாதப் பகலில் காற்று உலர்ந்து கிடக்கும்போது, மார்கழியில் நன்றாக ஓடிய அதே ரீல் அறுகிறது. ரீலை முதல் நாள் இரவு ஈரத் துணி விரித்த டப்பாவில், துணியில் படாமல் ஒரு கிண்ணத்துக்குள் வைத்து மூடிவிட்டால் காலையில் சரியாகிவிடும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக, மூடிய டப்பாவில் உலர்வாக வைக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி அடுக்கி வைப்பது எந்தப் பருவத்திலும் கூடாது. மாமியார் காலத்து மரக்கட்டை ரீல்களைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதை நினைவுப் பொருளாக வைத்துக் கொள்ளலாம். மெஷினில் போட வேண்டுமானால் முதலில் ஒரு முழம் அறுத்துப் பாருங்கள். எளிதில் அறுந்தால் கையால் பித்தான் தைக்கக்கூட ஆகாது.

நல்ல நூல் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதற்கேற்ற ஊசி வேண்டும். 120 நூலுக்கு, மெல்லிய ரவிக்கைத் துணியானால் 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்தித் துணியானால் 14. ஜீன்ஸ் போன்ற கனத் துணிக்கு 16, நூலும் அதற்கேற்பத் தடிமன். பொருத்தத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஊசியை மெஷினிலிருந்து கழற்றி ஒரு முழ நூலில் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கிக் கொண்டு இறங்க வேண்டும். வழியில் நின்றால் காது சிறியது. விழுந்தடித்துக் கொண்டு ஓடினால் காது பெரியது.

ரீலின் விளிம்பில் நூல் நுனியைச் சொருக ஒரு சிறு வெட்டு இருக்கும். அது நூல் உருவும் பக்கம் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நூல் அதில் மாட்டும்; அந்தப் பக்கம் கீழே வருமாறு கவிழ்த்துப் போடுங்கள். பெரிய கோனை மெஷினின் ஆணியில் மாட்டவே கூடாது. அதைத் தரையிலோ மேசை மேலோ நிறுத்தி, நேர் மேலே, கோனின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரத்தில் ஒரு கொக்கி வழியாக நூலை எடுத்து மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் சுவரில் அடித்த ஆணியில் ஒரு சேப்டி பின்னைக் கட்டிவிட்டால் போதும். ஓவர்லாக் மெஷினுக்கு என்று விற்கும் மலிவான கோன் நூலை ஊசியில் போட வேண்டாம். பஞ்சு உதிர்ந்து ஷட்டிலை அடைக்கும். சங்கராந்திக்குப் பிள்ளைகள் பட்டம் விட நம் ரீலை எடுத்துப் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் அவர்கள் மிச்சம் வைத்த மாஞ்சா நூல் எதுவும் தையல் டப்பாவுக்குள் வராமல் பார்த்துக் கொள்ளுங்கள். அதில் கண்ணாடித் தூள் இருக்கும்.

பாபினில் மேல் நூலின் அதே நூலைச் சுற்றுவது பொது விதி. ஜரிகை நூல் மட்டும் விலக்கு. அதைப் பாபினில் சுற்றித் துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்தால் அறாது. பாலியெஸ்டர் நூலைப் பாபினில் சுற்றும்போது வேகமாக மிதிக்காதீர்கள். அது இழுபட்டு நீண்டு சுற்றிக் கொள்ளும். தைத்து முடிந்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பி, இஸ்திரி போட்டாலும் நிமிராத சுருக்கத்தை உண்டாக்கும். மிச்சம் இருக்கும் பழைய நூலின் மேல் புது நூலைச் சுற்றுவதும் கூடாது. வாரம் ஒருமுறை ஷட்டிலைக் கழற்றிப் பஞ்சைத் துடையுங்கள். பிரஷர் காலைத் தூக்கினால் டென்ஷன் தட்டுகள் விரியும். அப்போது மடித்த மல் துணியை அவற்றிடையே முன்னும் பின்னும் இழுத்தால், மலிவு நூல் விட்டுப்போன அழுக்கெல்லாம் கறுப்பாக வெளியே வரும்.

எல்லாப் பழியையும் நூலின் மேல் போட்டுவிடவும் முடியாது. வளைந்த ஊசி, தப்பாகக் கோத்த நூல், ஷட்டில் முனையில் விழுந்த கீறல் ஆகியவையும் நூலை அறுக்கும். அறுந்த நுனியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்து கொள்ளலாம். நுனி பஞ்சாகப் பிரிந்து நீண்டிருந்தால் நூல் தேய்ந்து அறுந்திருக்கிறது. நூலோ ஊசிக் காதோ காரணம். கத்தியால் வெட்டியதுபோல் மொட்டையாக இருந்தால் எங்கோ இரும்பில் கூர்மை இருக்கிறது. ஊசித் தட்டின் துளையையும் ஷட்டில் முனையையும் நகத்தால் தடவிப் பாருங்கள். புது ஊசி போட்டு, நூலை முதலிலிருந்து கோத்து, சோதித்த வேறு ரீலை மாற்றி, ஷட்டிலைத் துடைத்த பிறகும் மொட்டையாகவே அறுகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் வரும்போது அந்த நல்ல ரீல் மெஷினிலேயே இருக்கட்டும்; அறுந்த நுனிகள் இரண்டு மூன்றையும் ஒரு தாளில் ஒட்டி வைத்துக் காட்டுங்கள்.